பக்கத்துக் கிணறு

பாலக்காட்டிற்குப் பணிமாற்றம் பெற்று வந்த இரண்டாம் ஆண்டு, சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் நடைபெற்ற நிலத்தடி நீர்க் களப்பயிற்சியைக் காண மாணவர்களுடன் சென்றேன். தமிழாசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று சக ஆசிரியர் ஒருவர் நகைத்தார்.

ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரை இயக்கினர். நீர் ஒரே சீராக வெளியேற வேண்டும். பீப்பாய் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று ஒருவர் கணக்கிட்டார். ஆயினும் பயிற்சியாளரின் கவனமெல்லாம் வேலிக்கு அப்பால், அடுத்தவர் நிலத்தில் பயனின்றிக் கிடந்த கிணற்றின்மீதே இருந்தது. நீரைத் தொட்டவுடன் ஒலி எழுப்பும் நாடாவை அதனுள் இறக்கி, முதலில் நிமிடத்திற்கு ஒருமுறையும் பின்னர் இடைவெளி விட்டும் நீர்மட்டத்தை அளந்தனர். இறைத்ததோ இந்தக் கிணற்றில். நண்பகலுக்குள் ஒரு முழம் தாழ்ந்ததோ அந்தக் கிணற்றில்!

இப்பகுதியின் கடினப் பாறையில் நீர் நிற்பது சிதைந்த மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான். வெடிப்பு வேலியை அறியாது. திடப்பொருளில் வெப்பம் பரவுவதற்குரிய கணக்கைக் கொண்டு, இத்தாழ்வைக் கணிக்கும் வழியை 1935இல் அமெரிக்க நீரியலாளர் தைஸ் கண்டார். பாறை எவ்வளவு நீர் தரும், கிணறுகள் எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்பனவற்றை அதனால் மதிப்பிடலாம். இதே வட்டத்தைச் சேர்ந்த பிலாச்சிமடையில், குளிர்பான ஆலை நீரை உறிஞ்சுவதால் தம் கிணறுகள் கெட்டன என்று 2002இல் பழங்குடி மக்கள் போராடத் தொடங்கினர். முன்னின்றவர்களுள் ஒருவரான மயிலம்மா பள்ளி சென்றவர் அல்லர். 2004இல் ஆலை இயக்கத்தை நிறுத்தியது.

என் ஊர் இடுக்கி மலைகளின் கிழக்கடிவாரத்தில், போடிநாயக்கனூருக்கு அருகில் உள்ளது. நான் கல்லூரியில் பயின்ற காலத்தில் அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டினார். ஆறே மாதத்தில் பெரியப்பாவின் கிணறு வற்றியது. "என் நிலம், என் தண்ணீர், மழை பொய்த்ததற்கு நானா பொறுப்பு?" என்றார் அப்பா. நானும் அவர் பக்கமே பேசினேன். மழை பொய்த்ததும் உண்மைதான். ஆனால் எவரும் நாடா கொண்டு அளக்கவில்லை. பெரியப்பா இறக்கும்வரை எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

மாலையில் மோட்டாரை நிறுத்தினர். நீர்மட்டம் மீள்வதையும் அளக்க வேண்டுமாம். என் மாணவி ஒருத்தி எண்களை உரக்கச் சொல்ல, மற்றொருத்தி எழுதிக்கொண்டாள்.

அன்றிரவு பெரியப்பா மகனைத் தொலைபேசியில் அழைத்தேன். கிணற்றைப் பற்றி நான் கேட்கவில்லை. அதில் இப்போது குப்பை கொட்டுகிறார்கள் என்று அண்ணனே சொன்னார்.