நீலத் தண்ணீர்

எங்கள் தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் ஒரேயொரு பைப்தான். விடியற்காலை ஐந்து மணிக்கே வாளிகள் வரிசையில் நிற்கும். அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் சிவப்பு வாளி என்னுடையது. "குடிக்கிறதுக்கு, சமைக்கிறதுக்கு, உடுப்புத் தோய்க்கிறதுக்குப் பிறகுதான் உன்ட மீனுக்கு" என்பார் அம்மா. நாங்கள் இருந்த கிராண்ட்பாஸ் என்ற இடத்தின் பெயரே களனி ஆற்றைக் கடக்கும் பெரிய துறையால் வந்தது. 1895இல் விக்டோரியா பாலம் திறக்கும்வரை, படகுகளை நிரையாகக் கட்டிய பாலத்தில்தான் சனங்கள் ஆற்றைக் கடந்தார்கள். அதே ஆற்றுத் தண்ணீர் அம்பத்தளையில் சுத்தமாகி, குளோரின் மணத்தோடு என் வாளிக்கு வரும். ஒரு நாள் முழுவதும் வெயிலில் திறந்து வைத்த பிறகுதான் அதைத் தொட்டியில் ஊற்றலாம்.

தொட்டி வரும்வரை என் மீன்கள் கானில் பிடித்த கப்பிகள். வீடு ஹோர்லிக்ஸ் போத்தல். எனக்குப் பதினொரு வயதானபோது அப்பா இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். பன்னிரண்டு கலன் தண்ணீர் பிடிக்கும். அதில் பதினொரு பிளாக் மோலி விட்டேன். வெல்வெட் துணியை நறுக்கிவிட்டது போன்ற கறுப்பு. பாடசாலை விட்டு வந்ததும் சேட்டைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவேன்.

மே மாத மழை தொடங்கி இரண்டு நாள் இருக்கும். மோலிகள் அடியிலிருந்த கல்லில் உடம்பை உரசிவிட்டுச் சட்டென்று திரும்பின. விளையாடுகின்றன என்று நினைத்தேன். மறுநாள் காலை பெரிய மோலியின் வாலில் ஒரு ரவைக் குறுணி ஒட்டியிருந்தது. அம்மா உப்புமா கிண்டிய கையோடு தொட்டிப் பக்கம் வந்தாரோ என்று பார்த்தேன். பின்னேரம் மூன்று மீன்களில் இருந்தது. அடுத்த நாள் எண்ண முடியவில்லை. செட்டைகளை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, செவுள் படபடக்க, தண்ணீர் மட்டத்திலேயே தொங்கின.

ஒரு மோலியைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு மீன் கடை நானாவிடம் ஓடினேன்.

"நானா, மீனுக்கு வருத்தம்."

நோய்க்கு எங்கள் பேச்சில் வருத்தம் என்றுதான் பெயர். அன்று அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் பொருந்தின. அவர் பையை வாங்கி வெயிலுக்குப் பிடித்தார். அவிழ்க்கவே இல்லை.

"வெள்ளப் புள்ளி. புதுசா மீன் ஏதும் போட்டீங்களா தம்பி?"

போட்டிருந்தேன். போன கிழமை வேறொரு கடையில் வாங்கிய இரண்டு சிவப்பு வாள்வால் மீன்களை, வந்த தண்ணீரோடு அப்படியே கொட்டியிருந்தேன். அவர் ஏசவில்லை. மெதிலீன் புளூ ஒரு சின்னப் போத்தல் தந்தார். கலனுக்கு ஒரு தேக்கரண்டி கட்டி உப்பு, இரவில் தொட்டிக்கு மேலே ஒரு நாற்பது வாட் பல்ப், இரண்டு நாளைக்கு ஒருமுறை அடித்தண்ணீரை இறப்பர் குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். "சூட்டுல காத்துக் கொறயும். பம்ப நிப்பாட்டிராதீங்க" என்றும் சொல்லியனுப்பினார்.

முதல் சொட்டு விழுந்ததும் புகை மாதிரி இறங்கியது. சுருண்டு, விரிந்து, மீன்களைச் சுற்றி, சிறிது நேரத்தில் தொட்டி முழுவதும் நீலமாகியது. என் விரல்களும்தான். கறுப்பு மோலிகள் அந்த நீலத்துக்குள் நிழல்களாகத் தெரிந்தன.

நான்காம் நாள் புள்ளிகள் இல்லை. ஒன்றுகூட இல்லை. துள்ளிக்கொண்டு பல்பை அணைத்தேன். நீலத் தண்ணீரையும் பாதிக்கு மேல் மாற்றினேன். மூன்று நாள் கழித்து விடிந்தபோது மீன்களின் மேல் உப்புக் கொட்டியதைப் போல இருந்தது. அந்தக் கிழமை ஆறு மோலிகள் செத்தன. வாள்வால் இரண்டும் போயின. பெரிய மோலியைப் பைப்புக்குப் பின்னால் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். அக்கா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

அழுதுகொண்டு போனபோது நானா ஸ்டூலை இழுத்துப்போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"புள்ளி மீன்ட தோலுக்குள்ள ஈக்கி. மருந்து அதத் தொடாது. அது விழுந்து, அடியில கெடந்து, குட்டி போட்டு வெளிய வரும் பாருங்க, அப்பதான் மருந்து புடிக்கும். நீங்க மருந்து போடுறது மீனுக்கில்ல தம்பி, தண்ணிக்கு."

பல வருடம் கழித்து அந்த ஒட்டுண்ணியின் பெயரைத் தேடிப் பிடித்தேன். இக்தியோப்தீரியஸ் மல்டிஃபிலியிஸ். பல பிள்ளைகள் பெற்ற மீன்பேன் என்று பொருள். கொழுத்த ஒரு புள்ளி மீனைவிட்டுக் கழன்று, அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்காகப் பிளக்கிறது. வெளியே வரும் குஞ்சுகளுக்கு ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் சாவு. தண்ணீர் குளிர்ந்திருந்தால் இந்தச் சுற்று வாரக்கணக்கில் இழுபடும். சூடு ஏற ஏற நாட்கணக்காகச் சுருங்கும். நானாவின் பல்ப் அதற்குத்தான். பிரான்சில் ஃபூகே என்பவர் அந்த ஒட்டுண்ணிக்கு அந்தப் பெயரைச் சூட்டியது 1876இல். அதே 1876இல்தான் ஜெர்மனியில் ஹைன்ரிச் காரோ மெதிலீன் புளூவைத் துணிச் சாயமாகத் தயாரித்தார். இரண்டையும் நான் ஒன்றாகச் சந்தித்தது கிராண்ட்பாஸில், ஒரு கண்ணாடித் தொட்டிக்குள்.

இரண்டாம் முறை நானா கலண்டர் தாளின் பின்புறத்தில் பதினான்கு கோடுகள் போட்டுத் தந்தார். நாளுக்கு ஒன்றாக வெட்ட வேண்டும். ஆறாம் கோட்டிலேயே புள்ளிகள் மறைந்துவிட்டன. மீதி எட்டு நாளும், நோயில்லாத மீன்கள் நீந்தும் தண்ணீருக்கு மருந்து ஊற்றினேன். அம்மா கரண்ட் பில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரவில் எழுந்தால் வீட்டின் நடுவில் அந்த நீல வெளிச்சம் இருக்கும். ஐந்து மோலிகள் அதற்குள் அசையாமல் நிற்கும்.

ஐந்தும் பிழைத்தன.

தொட்டி இப்போது வத்தளையில் அக்கா வீட்டில் இருக்கிறது. மீன் இல்லை, மணிபிளான்ட் வளர்கிறது. மூலைகளில் கண்ணாடியை ஒட்டிய சிலிக்கன் அந்த மருந்தைக் குடித்துவிட்டது. எத்தனை முறை தேய்த்துக் கழுவியும் நான்கு மூலையிலும் நீலம் போகவில்லை.