நாலு லிட்டர் தண்ணி

மிளகாய் விலை பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அது அடுத்த வாரம். இப்போது மகனைப் பார்க்கப் போன இடத்தில் ரெண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கிய கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மகன் டல்லாஸில் இருக்கிறான். வைகாசியில் காட்டில் பெரிதாக வேலை இல்லை, கிளம்பிவிட்டேன். ஆட்டுக்குட்டிகளை விட்டுட்டு வரமுடியாதுன்னு வீட்டம்மா வரவில்லை. போன நாலாம் நாளே, "அப்பா, மலையடிவாரத்துல கூடாரம் போட்டுத் தங்கலாம், வாங்க"ன்னு பேரனையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். மிளகாய்க் களத்தில் வருஷா வருஷம் காவலுக்குப் படுக்கிறவனை, காசு கொடுத்து வெட்டவெளியில் படுக்கக் கூப்பிடுகிறானே என்று சிரிப்புதான் வந்தது.

எட்டு மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம். மேற்கே போகப் போகப் பச்சை குறைந்துகொண்டே வந்தது. வழியெல்லாம் எண்ணெய் எடுக்கிற பம்புகள், ஏற்றம் இறைக்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சாலையோரம் ஒரு முள்மரம். இலைதான் கொஞ்சம் நீளம். முள்ளும் நெற்றும் அதே. எங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் கண்மாய் கண்மாயாக அடைத்து நிற்கிற சீமைக்கருவேலத்தின் பங்காளி. அங்கே பேர் மெஸ்கீட். அது பிறந்த மண்ணிலேயே மாட்டுப் பண்ணைக்காரர்கள் அதோடு மல்லுக்கட்டுகிறார்களாம். கேட்டதும் ஒரு அற்ப சந்தோஷம்!

நாங்கள் போனது குவாடலூப் மலைத் தேசியப் பூங்கா. சுற்றிலும் பாலைவனம், நடுவில் செங்குத்தாக ஒரு சுண்ணாம்புக்கல் மலை. சுமார் 26 கோடி வருஷத்துக்கு முன்னால் அது கடலுக்கடியில் வளர்ந்த திட்டாம். உச்சி 8,751 அடி. டெக்சாஸிலேயே அதுதான் உயரம்.

அடிவாரத்தில் பைன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் கூடாரம் போட்டோம். குழாயும் கக்கூஸும் உண்டு, குளிக்க வசதி இல்லை. விறகு எரிக்கக் கூடாது, கரியும் கூடாது, காஸ் அடுப்பு மட்டும்தான். மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற ஊர்க்காரனுக்கு முதலில் சப்பென்றுதான் இருந்தது. ராத்திரி காற்று கூடாரத்தைப் பிடித்து உலுக்கினபோது காரணம் புரிந்தது. அந்தக் காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும். வைக்கோல் படப்பு எரிந்து பார்த்தவனுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் நாலு லிட்டர் தண்ணி தூக்கிக்கொண்டுதான் மலையேறணும். உச்சிக்குப் போகிற பாதையில் ஒரு சொட்டுக் கிடைக்காது. போக வர 8.4 மைல், ஏற்றம் மட்டும் 3,000 அடி. மகன் விடியுமுன்னே கிளம்பிவிட்டான். என் முட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

மத்தியானத்துக்கு மேல் அவன் திரும்பி வந்து, "உங்களுக்கு ஒரு தோட்டம் காட்டுறேன்"னு பக்கத்தில் கூட்டிப்போனான். ஃப்ரிஹோலே பண்ணை. கல் வீடு, வாசலில் ஊற்று. ஸ்மித் என்ற குடும்பம் 1906-இல் இங்கே வந்து, ஊற்றுத் தண்ணியை வைத்தே 15 ஏக்கரில் ஆப்பிள், பீச், அத்தி, காய்கறி எல்லாம் போட்டிருக்கிறார்கள். பத்துப் பிள்ளைகள். சந்தை 65 மைல் தள்ளி, வான் ஹார்னில். ஈரக் காகிதமும் துணியும் சுற்றி, வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் வண்டி கட்டிப் போவார்களாம், ரெண்டு நாள் பயணம். கத்திரிக்காய்க்கு ஈரச் சாக்குப் போட்டுப் பரமக்குடிக்கு வண்டி ஓட்டிய எங்க அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

1942-இல் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். தோட்டம் இப்போது இல்லை. வீடு காட்சிக்கூடமாக நிற்கிறது.

அங்கிருந்து மலையை ஒட்டி ஒரு சுற்றுப் பாதை, 2.3 மைல். பேரன் கையைப் பிடித்து மெதுவாக நடந்தேன். பாதி தூரம் முள்ளும் கள்ளியும்தான். சட்டென்று ஒரு மடிப்பில் நிழல், பட்டை உரிந்து சிவந்து நிற்கிற மரங்கள், பாறைக்கு நடுவே தண்ணிச் சத்தம். அதுதான் ஸ்மித் ஊற்று. ஆள் போனாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் பேசவில்லை.

ரெண்டு வருஷமாக, "ஆறு ஏக்கரையும் சோலார்காரங்களுக்குக் கொடுத்துட்டு இங்கயே வந்துடுங்க"ன்னு சொல்லிக்கொண்டிருக்கிறான் மகன். இந்தப் பயணத்தில் அதைப் பேசத்தான் கூப்பிட்டான் என்று எனக்குத் தெரியும். ஊற்றையே பார்த்துக்கொண்டிருந்தவன், "நம்ம கிணறு எத்தனை அடிப்பா இப்ப?" என்றான்.

"அறுபது. பங்குனியோட வத்திரும்."

"தூர் எடுத்தா?"

"எடுக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. நிலத்தை விற்கிறதைப் பற்றித் திரும்புகிற வழியிலும் அவன் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வழியில் சாப்பிட நிறுத்தினபோது கேனில் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது. கொட்டிவிட மனசு வராமல் ஓரத்தில் நின்ற மெஸ்கீட் மூட்டில் ஊற்றினேன். அன்றைக்கு ராத்திரி போனில் சொன்னதும், வீட்டம்மா போட்ட சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும்: "ஊரு விட்டு ஊரு போயி, வேலிக்கருவைக்கா தண்ணி ஊத்திட்டு வர்றீங்க?"