மூன்று நாற்காலி தூரம்

2024 ஜூன் 4, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த நாள். அப்போது நான் வேறொரு செய்தித் தளத்தின் டிஜிட்டல் டெஸ்க்கில் இருந்தேன். காலை 8 மணிக்கு வாக்கு எண்ணிக்கை தொடங்கியதிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை. மதியம், ஒரு தொகுதியின் முன்னிலை நிலவரத்தில் இரண்டு வேட்பாளர்களின் பெயர்கள் இடம் மாறிப் போய்விட்டன. நாலே நிமிடத்தில் திருத்திவிட்டேன். ஐந்தாவது நிமிடம் மெயில் வந்தது: 'இதற்கு யார் பொறுப்பு?' சிசியில் 14 பேர்.

கை நடுங்கியது. அந்த நிலவரத்தை எனக்கு அனுப்பியவர், மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த சீனியர் அண்ணா. அவர் அனுப்பியதிலேயே பெயர்கள் மாறியிருந்தன. ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன், 'ரிப்ளை ஆல்' அழுத்தினேன். நான் தப்பித்தேன். அவரிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள்.

இரவு டீக்கடையில் அண்ணா கோபப்படவில்லை. "நாற்காலியைத் திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா. 'நான்தான் மாத்தி அனுப்பிட்டேன்'னு நானே சொல்லியிருப்பேனே" என்றார். டீ தொண்டையில் இறங்கவில்லை.

'சிசி' என்றால் கார்பன் காப்பி. தட்டச்சு காலத்தில் தாளுக்கு அடியில் கார்பன் வைத்து எடுத்த நகல். தகவல் சொல்ல வந்த அந்த வசதியை, இன்று சாட்சிக்கு ஆள் சேர்க்கப் பயன்படுத்துகிறோம். வேலை கழுத்தை நெரிக்கும்போது, எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசிப்பதில்லை. எப்படிச் சொன்னால் நாம் தப்பிக்கலாம் என்றுதான் யோசிக்கிறோம்.

அதற்காக, எல்லாவற்றையும் மீட்டிங்கில் பேசிவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். அங்கே குரல் பெரிதாக இருப்பவர் சொல்வதே எடுபடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சொன்ன யோசனைகள் பாதியிலேயே அமுங்கிப் போயிருக்கின்றன. அதையே மெயிலில் எழுதியபோது முழுதாகப் படித்தார்கள்.

இப்போது எனக்கு ஒரு பழக்கம். தேதி, எண், யோசனை என்றால் மெயில். தப்பு என்றால், முதலில் எழுந்து போய்க் கேட்பது.

அண்ணாவிடம் மட்டும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு முறை மெயில் எழுதி அழித்துவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போகிறேன்.