தமுக்கம்

கோடை என்பது என்னவென்று திருத்தணிகைவாசிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்தின் நாள் ஒன்றுக்குப் படி ஒன்றாக 365 படிகள் ஏறி முருகனைத் தரிசிக்கப் போகும் பக்தர்கள், சித்திரை மாதத்து நண்பகலில் வெறுங்காலோடு அந்தக் கல்லின்மேல் ஓடுகிற ஓட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். ராஜாக்களும் ராணிகளும் கோடைக்கென்று தனி மாளிகை ஏன் கட்டிக் கொண்டார்கள் என்ற சந்தேகம் அப்புறம் எழவே எழாது.

ஆனால் எங்கே கட்டிக் கொண்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ளைக்காரர் ஆட்சியில் சென்னை சர்க்கார், வெயில் ஏறியதும் தஸ்தாவேஜுகளையும் குமாஸ்தாக்களையும் மூட்டை கட்டிக்கொண்டு உதகமண்டலத்துக்குப் போய்விடும். கீழே ஜனங்கள் வெந்து கொண்டிருக்க, மேலே கம்பளி போர்த்திக்கொண்டு ராஜாங்கம் நடக்கும். மதுரை நாயக்கர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. கோட்டையை விட்டு வெளியே வந்து, வைகையைத் தாண்டி வடகரை சேர்ந்தார்கள், அவ்வளவுதான். அங்கே எழுந்ததுதான் தமுக்கம் மாளிகை.

சென்ற மாசி மாதத்தில் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முப்பது பேருடன் மதுரைக்குச் சென்றபோது, இந்த மாளிகையைத்தான் முதலில் காட்ட வேண்டுமென்று தீர்மானித்திருந்தோம். திருமலை நாயக்கர் மகாலின் பிரம்மாண்டமான தூண்கள் இங்கே இல்லை. அது பார்க்கிறவர்களைப் பிரமிக்க வைக்கக் கட்டிய கட்டிடம். இது உள்ளே இருப்பவர் இளைப்பாறுவதற்காகக் கட்டியது. சுற்றிலும் பரந்த வெளி. வருகிற காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. கனத்த சுவர்களுக்கு வெயில் உறைக்கச் சாயங்காலம் ஆகும். மேலே கவிந்த கும்மட்டம், சூடான காற்று எழும்பித் தங்க இடம் கொடுத்து, கீழே உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றுகிறது. மின்விசிறி காணாத காலத்துக் கொத்தனாருடைய சாமர்த்தியம் இது.

கட்டியவர் யார் என்பதில் இரண்டு பேச்சு உண்டு. யானைப் போரும் மல்யுத்தமும் பார்ப்பதற்காகத் திருமலை நாயக்கர் எழுப்பினார் என்பார்கள் சிலர். சுமார் 1670-ல் கட்டிய ராணி மங்கம்மாளின் கோடை மாளிகை என்பது ஊரில் வழங்குவது. 1670-ல் ஆட்சி அவர் கணவர் சொக்கநாத நாயக்கருடையது. மங்கம்மாள் பேரனுக்காக ஆளத் தொடங்கியது 1689-ல்தான். ஆகவே, ராஜ்ய பாரம் தலையில் ஏறுவதற்கு முந்தியே அந்த அம்மாளுக்கு இந்த வீடு பழக்கமாகியிருக்க வேண்டும். கணவரும் போய், மகனும் போய், பச்சைக் குழந்தையான பேரனை வைத்துக்கொண்டு சுமார் பதினைந்து வருஷம் ஆண்ட காலத்தில் அவர் செய்தவற்றில் ஜனங்கள் மறவாமல் நினைப்பது எதை? சாலை போட்டு இரு மருங்கும் மரம் வைத்ததையும், சத்திரமும் தண்ணீர்ப் பந்தலும் ஏற்படுத்தியதையும்தான். தமக்கென்று ஒரு கோடை மாளிகை வைத்திருந்தவர், வழிப்போக்கனுக்கும் கோடை உண்டு என்பதை மறக்கவில்லை.

'தமுக்கம்' என்பது தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது, கோடை மாளிகை என்று பொருள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. மாளிகையை அடுத்த மைதானத்தின் முகப்பில் தமிழன்னையின் சிலை நிற்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, "அன்னை சிலைக்குப் பக்கத்தில் தெலுங்குப் பெயரா? மாற்ற வேண்டாமா, ஸார்?" என்றான் ஒருவன். இன்னொருவன் பக்கத்துப் பையனின் விலாவில் இடித்து, "இவன் வீட்டு வார்த்தை, ஸார்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இடிபட்டவன் சிரிக்கவில்லை.

அந்தப் பையனை நாம் அறிவோம். கெட்டிக்காரன். அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்து தெலுங்கில் ஏதாவது கேட்டால், நாலு பேர் காதில் விழும்படி தமிழில் பதில் சொல்வான். தாயாரும் அதைக் கவனித்து, இப்போதெல்லாம் வாசலோடு நின்று கையால் ஜாடை காட்டிவிட்டுப் போய்விடுகிறாள். திருத்தணிகை 1960 ஏப்ரல் முதல் தேதி சித்தூர் ஜில்லாவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த ஊர். அதற்காக நடந்த போராட்டம் நியாயமானதே. ஆனால் கோடு நகர்ந்ததே தவிர வீடுகள் நகரவில்லை. நம் வீட்டிலேயே பாட்டியார் கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார். அதை அங்கேயே பிள்ளைகளிடம் சொன்னோம். இடிபட்ட பையன் தலை நிமிர்ந்து நம்மை ஒரு பார்வை பார்த்தான்.

மங்கம்மாளுக்குப் பிறகு அந்த வீட்டின் கதை வேகமாக ஓடுகிறது. நவாபின் கைக்குப் போயிற்று. பிறகு கும்பெனியார் கைக்கு. 1812 முதல் 1828 வரை மதுரையில் கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர் இங்கேதான் வசித்தார். ஒரு புயல் இரவில் சிறு பெண் ஒருத்தி வந்து எழுப்பி அவரை வெளியே அழைத்துச் சென்றாளாம். உடனே வீட்டில் இடி விழுந்ததாம். வந்தவள் மீனாக்ஷியே என்று நம்பி, அம்மனுக்கு மாணிக்கம் பதித்த தங்க அங்கவடி செய்து வைத்தார் என்பது கதை. கதை எப்படியானாலும், அங்கவடி கோயிலில் இருக்கிறது. 'பீட்டர் பாண்டியன்' என்று மதுரை அவருக்குப் பட்டம் சூட்டியது. வெளியிலிருந்து வந்தவரை உள்ளூர்க்காரராக்கிக் கொள்வதில் அந்த ஊருக்கு இணை கிடையாது.

1921 செப்டம்பர் 22-ந் தேதி, இதே மதுரையில், மேலமாசி வீதி வீடொன்றில் தங்கியிருந்த காந்தியடிகள் மேலாடையைக் களைந்து நாலு முழத் துண்டோடு புறப்பட்டார். அன்று தமுக்கம் சர்க்கார் வசம் இருந்தது. 1955-ல் மாளிகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் சென்னை அரசாங்கம் காந்தி நினைவு நிதிக்கு வழங்கிற்று. 1959 ஏப்ரல் 15-ந் தேதி நேருஜி அதைக் காந்தி நினைவு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். அடிகள் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த ஆடை இங்கே இருக்கிறது. அதன் முன்னால் நம் பிள்ளைகள் முப்பது பேரும் வாய் பேசாமல் நின்றார்கள். முப்பது பேர் ஒரு சேர மௌனமாக இருந்து நாம் கண்டது அதுவே முதல் தடவை.

தோட்டத்தில் சேவாகிராமத்துக் குடிலைப் போலவே ஒரு குடில் கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கும்மட்டமும் இல்லை, யானை வரும் வாசலும் இல்லை. மாளிகையில் பத்து நிமிஷம் நின்ற பிள்ளைகள் குடிலருகே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்கள். பெயரை மாற்றச் சொன்னவனும் இடிபட்டவனும் ஒரே தண்ணீர்ப் புட்டியைப் பகிர்ந்து கொண்டிருந்தார்கள். "மங்கம்மா ராணி எந்தப் பாஷையில் சண்டை போட்டிருப்பாங்க, ஸார்?" என்று பெயரை மாற்றச் சொன்னவன் கேட்டான். நமக்கு முன்னால் மற்றவன் பதில் சொன்னான்: "எங்க அம்மா மாதிரிதாண்டா, தெலுங்கிலே."

வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. முப்பது பேருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தோம். அது எந்தப் பாஷைச் சொல் என்று ஒருவனும் கேட்கவில்லை. இரண்டாவது டம்ளர் உண்டா என்றுதான் கேட்டார்கள்.