அத்தை ஏறிய பின் சீட்டு

எங்கள் ஒரத்தநாட்டு வீட்டுக் கொட்டகையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது மாமனாரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1966-ம் வருஷத்து வண்டி, இரண்டே கதவு. அதன் ரிப்பேருக்காக என் வளையல்கள் அடகுக்குப் போனபோது, இவரிடம் நாலு நாள் நான் பேசவில்லை.

சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பின் பழைய கார் கூட்டத்துக்குக் கிளம்பியபோது அத்தையும் பிடிவாதமாக ஏறிக்கொண்டார். எண்பது வயசில்! நிறுத்தி நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, விக்கிரவாண்டியில் ராத்தங்கி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே பளபளவென்று என்னென்ன கார்கள்! ஆனாலும் இவர் மட்கார்டோடு சேர்த்து பானெட்டை முன்பக்கமாகத் தூக்கியதும் எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. 1961 முதல் சென்னையிலேயே தயாரான வண்டியாச்சே, பாசம் இருக்காதா?

"பின்னால எப்படிப் பாட்டி ஏறுவீங்க?" என்றாள் ஒரு சின்னப் பெண்.

"முன் சீட்டை மடக்கித்தான். இவன் பிறக்க வலி எடுத்த ராத்திரி அப்படித்தான் ஏத்தினாங்க. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் பதினஞ்சு மைல். எங்க வீட்டுக்காரர் அழுதுக்கிட்டே ஓட்டினார்."

மாமா அழுதாரா! இவருக்கே அது புதுசு.

திரும்பும்போது முன் சீட்டை நான்தான் மடக்கிப் பிடித்தேன். வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன.