பேத்தி போட்ட காக்கிச் சட்டை

அமெரிக்காவில் அக்டோபர் பிறந்துவிட்டால் வீட்டு வாசல்களைப் பார்க்கவே நமக்கு ஒரு மாதிரியாக இருக்கும். புல்தரையில் எலும்புக்கூடு கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். மரக்கிளையில் வெள்ளைத் துணிப் பேய் தொங்கும். வீட்டு மூலையில் கொஞ்சம் நூலாம்படை தெரிந்தாலே ஒட்டடைக் கம்பைத் தேடுகிறவர்கள் நாம். இங்கே காசு கொடுத்துச் சிலந்தி வலை வாங்கி வாசலில் மாட்டுகிறார்கள்! நியூ ஜெர்சியில் மகள் வீட்டுக்கு முதல் தடவை போனபோது, "ஏம்மா, விளக்கு வைக்கிற வாசல்ல மண்டை ஓடா?" என்று கேட்டேன். "ஹாலோவீன்ம்மா, எல்லாம் விளையாட்டுக்கு" என்றாள்.

விளையாட்டுதான். ஆனால் அதன் வேர் பழையது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்துக் கெல்டிக் மக்கள், அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குவதை ஒரு திருநாளாகக் கொண்டாடினார்கள். அந்த இரவில் இறந்தவர்கள் நம் பக்கம் வந்து போவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. பிறகு கிறிஸ்தவ சமயத்தில் நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் நாளாகவும், நவம்பர் 2 இறந்த ஆன்மாக்களின் நாளாகவும் ஆயின. நம் ஊரில் நவம்பர் 2 அன்று கல்லறைத் திருநாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்களே, அதே நாள்தான். அதற்கெல்லாம் முந்தின மாலை, அதாவது அக்டோபர் 31, ஹாலோவீன். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். பஞ்சத்திலும் பிறகும் கப்பலேறி அமெரிக்கா வந்தவர்களுக்கு இங்கே பெரிய பரங்கிக்காய் கிடைத்தது. குடைவதற்கும் சுலபம்.

பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று மிட்டாய் கேட்பது இருபதாம் நூற்றாண்டில்தான் இங்கே பரவியது. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை ரேஷன் வந்ததால் கொஞ்ச காலம் படுத்துவிட்டது. 1947இல் ரேஷன் போன பிறகு மறுபடி எழுந்து நாடு முழுக்கப் பரவிவிட்டது.

நான் முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தவள். அதனால் எனக்குப் பிடித்தது உடை சம்பந்தப்பட்ட கதைதான். தொடக்கத்தில் வேஷமெல்லாம் வீட்டில் செய்ததே. பழைய படுக்கை விரிப்பில் இரண்டு ஓட்டை போட்டால் பேய். அப்பாவின் கிழிந்த கோட்டைப் போட்டு முகத்தில் கரி பூசினால் நாடோடி. மாசசூசெட்ஸில் டென்னிசன் என்ற காகிதக் கம்பெனி, 1909இல் 'போகி புக்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டது. அவர்கள் விற்ற கிரேப் காகிதத்தில் எப்படி உடையும் அலங்காரமும் செய்வது என்று அதில் படம் போட்டுச் சொல்லியிருப்பார்கள். காகிதம் விற்க நல்ல வழி! பின்னால் 1930களில் பென் கூப்பர் போன்ற கம்பெனிகள் வந்தன. பெட்டிக்குள் ஒரு முகமூடி, மேலே மாட்டிக்கொள்ள ஒரு மெல்லிய உடை, விலையும் குறைவு. அதோடு வீட்டுத் தையல் குறையத் தொடங்கியது. இப்போது பெரிய கடைகளில் ஒரு மாதத்துக்கென்றே வேஷக்கடை திறக்கிறார்கள். ஒரு நாள் போடும் பாலியஸ்டர் துணிக்கு முப்பது, நாற்பது டாலர். தையலைப் பார்த்தால், என் மாணவி அப்படித் தைத்திருந்தால் பிரிக்கச் சொல்லியிருப்பேன்.

அதனால் நான் போகிற வருஷங்களில் பேத்திக்கு நானே தைப்பேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் ஆந்தை. பழைய பிளவுஸ் துணிகளை இலை மாதிரி வெட்டி, கீழ் வரிசையிலிருந்து மேலாக அடுக்கித் தைத்தால் சிறகு. அடுத்தது தர்ப்பூசணித் துண்டு. அமேசான் அட்டைப்பெட்டிக்கு இங்கே பஞ்சமே இல்லை.

இந்த வேலையில் நான் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன், போகிறவர்களுக்கு உதவும். அக்டோபர் கடைசியில் குளிர் இருக்கும் என்பதால் உள்ளே ஸ்வெட்டர் போடும் அளவுக்குத் தளர்வாகத் தைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் கஷ்டப்பட்டுத் தைத்த உடைக்கு மேல் ஜாக்கெட்டைப் போட்டு மூடிவிடுவார்கள். நீளம் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும், இருட்டில் படி ஏறும்போது தடுக்கும். முகமூடி வேண்டவே வேண்டாம், பக்கவாட்டில் வரும் கார் தெரியாது. முகத்தில் மை தீட்டினால் போதும். முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை ஒன்று. வாசலில் பரங்கிக்காய்க்குள் நிஜ மெழுகுவர்த்தி எரிகிற வீடும் உண்டு. ஆகவே தொங்கும் துணி, காகிதம் கூடாது. மிக முக்கியம், பிள்ளை பாத்ரூம் போக வசதியாக இருக்க வேண்டும்!

2024ஆம் வருஷம் அக்டோபர் 2 அன்று மகாளய அமாவாசை. என் வீட்டுக்காரர் தவறி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மகள் வீட்டிலேயே அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படையல் வைத்தேன். வாழைக்காய்ப் பொரியல், உளுந்த வடை, அவருக்குப் பிடித்த பருப்புப் பாயசம். அந்தப் படத்தில் அவர் காக்கி யூனிபார்மில் இருப்பார். பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர். மதுரை - தேனி வண்டியில்தான் அவருடைய பாதி ஆயுள் போனது. 1997இல் கழகங்களிலிருந்து தலைவர்கள், மன்னர்கள் பெயரெல்லாம் எடுக்கப்பட்ட பிறகும் அவர் 'பாண்டியன்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு வயதுப் பேத்தி இலையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மாச்சி, தாத்தா இன்னைக்கு வருவாங்களா?"

"வருவாங்கன்னு ஒரு நம்பிக்கைடா."

"ஹாலோவீன் மாதிரியா?"

கொஞ்சம் யோசித்து, "அது மாதிரித்தான்" என்றேன். அப்போதே தீர்மானம் செய்துவிட்டாள். "அப்ப இந்த வருஷம் நான் தாத்தா. இந்த டிரெஸ்தான் வேணும்."

மாப்பிள்ளை சிரித்தார், நல்ல யோசனை என்றார். மகள் சிரிக்கவில்லை. "இங்க பஸ்ல கண்டக்டரே கிடையாதும்மா. யாருக்கும் புரியாது. வேற ஏதாவது தைச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் சொன்னது நிஜம்தான். இங்கே டிரைவர் பக்கத்தில் உள்ள பெட்டியில் காசு போட்டுவிட்டு ஏறுவார்கள், அல்லது போனைக் காட்டுவார்கள். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, பரீட்சைக் கட்டணம் கட்ட இவர் டிரிப்புக்கு நடுவில் யூனிபார்மோடு பள்ளிக்கூடம் போயிருந்தார். கூடப் படித்த பெண் ஒருத்தி, "உங்கப்பா கண்டக்டரா? எங்கம்மாவுக்குச் சில்லறை பாக்கி தரணும், கேட்டு வாங்கிக் குடு" என்று சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று ராத்திரி இவரிடம், "இனிமே ஸ்கூலுக்கு யூனிபார்மோட வராதீங்கப்பா" என்றாள். இவர் "சரிம்மா" என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடம் போக வேண்டிய நாளில் ஒரு வெள்ளைச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போவார். பஸ் ஸ்டாண்டில் மாற்றிக்கொண்டு போய், திரும்பி வந்து காக்கியைப் போட்டுக்கொள்வார். இருவரும் அந்தப் பேச்சைப் பிறகு எடுத்ததே இல்லை. அவளை இன்ஜினியரிங் படிக்க வைத்ததும் அந்தச் சில்லறைப் பைச் சம்பளம்தான்.

நான் மகளிடம் ஒன்றும் வாதாடவில்லை. பழைய துணிக் கடையில் ஆறு டாலருக்கு ஒரு பெரிய ஆள் காக்கிப் பேண்ட் கிடைத்தது. ஒரு பேண்ட்டின் இரண்டு காலிலும் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு சட்டை தாராளமாக வரும். மார்பில் மூடி வைத்த இரண்டு பை, தோளில் பட்டி. மிச்சத் துணியில் காலர். தகடு பேட்ஜுக்கு பிஸ்கட் டப்பா மூடி. டிக்கெட்டுக்கு பிங்க், மஞ்சள், பச்சை என்று காகிதம் வாங்கிச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒரு ஓரம் மட்டும் பசை தடவிக் கட்டுக் கட்டாக ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் 'மதுரை - தேனி' என்று பேத்தி தன் கையாலேயே எழுதினாள். தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்து, 'தேனி'யில் கொம்பு சில இடத்தில் திரும்பி நின்றது. பரவாயில்லை, வண்டி போய்ச் சேரும்.

ஒரு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, மகளுடைய பழைய கைப்பையை வெட்டித் தோள்பை தைத்துக்கொண்டிருந்தேன். மகள் தண்ணீர் குடிக்க இறங்கி வந்தவள், கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"வார் இவ்வளவு நீளம் வராதும்மா. அப்பாவுக்குப் பை இடுப்புக்கு மேலதான் நிக்கும். கூட்டத்துல குனிஞ்சா சில்லறை கொட்டக் கூடாதுன்னு சொல்வாரு."

வாரைப் பிரித்துக் குறைத்தேன். அவள் எதிரில் உட்கார்ந்தாள். மேஜையில் கிடந்த விளையாட்டு நோட்டுகளை எடுத்து, நீளவாட்டில் மடித்து, விரல்களுக்கு நடுவில் ஒவ்வொன்றாகச் செருகினாள். பத்து ஒரு விரலில், ஐந்து ஒரு விரலில், அவர் பிடிக்கிற மாதிரியே. நான் கூட மறந்துவிட்ட விஷயம்.

பிறகு மெதுவாக, "அந்த வெள்ளைச் சட்டை விஷயம் உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றாள்.

"தெரியாமலா? நான்தானே அதைத் துவைச்சு இஸ்திரி போட்டுக் குடுத்தேன்."

"அப்பா ஏதாவது சொன்னாரா?"

"ஒரு தடவை சொன்னாரு. 'புள்ளைக்கு அந்த வயசுல அப்படித்தான் இருக்கும், நீ ஒண்ணும் கேட்டுடாதே'ன்னாரு. அதான் இத்தனை வருஷமா நான் கேக்கல."

அவள் அழுதாள். நான் ஊசியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் எழுந்து மாடிக்குப் போய் ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். உள்ளே அவருடைய விசில், அழுக்கேறிய கயிற்றோடு. காரியம் முடிந்து அவர் சாமான்களை ஒழித்தபோது நான் அதைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, தொலைந்தது என்றே விட்டிருந்தேன். இவள் எடுத்து வந்து ஐந்து வருஷமாகத் துணி அலமாரியில் வைத்திருக்கிறாள்!

அந்த வருஷம் தீபாவளியும் அக்டோபர் 31, ஹாலோவீனும் அக்டோபர் 31. காலையில் எண்ணெய்க் குளியல், புதுத் துணி, பாசிப்பருப்பு உருண்டை. சாயங்காலம் காக்கிச் சட்டை. அதிசயமாக அன்று குளிரே இல்லை, நம் ஊர் தை மாத மதியம் போல இருந்தது. உள்ளே ஸ்வெட்டருக்கென்று விட்ட தளர்ச்சி வீணாகிவிட்டது. பேத்தி காதில் பென்சில் செருகி, புருவ மையில் மீசை வரைந்து கிளம்பினாள். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் புறப்பட வேண்டும் என்று மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். தெருவில் கூட வந்த இளவரசிகளும் சிலந்தி மனிதர்களும் அவள் விசிலுக்கு நின்று நடந்தார்கள்.

முதல் வீட்டில் ஒரு பெரியவர், "நீ யார்?" என்றார். "கண்டக்டர்" என்றாள். "ஓ! உன் குச்சி எங்கே?" என்று காற்றில் கையை ஆட்டிக் காட்டினார், சிம்பொனி நடத்துகிறவராம்! இன்னொரு வீட்டில் ரயில் கண்டக்டர் என்று நினைத்தார்கள். நியூ ஜெர்சி ரயிலில் டிக்கெட்டில் ஓட்டை போட ஆள் வருவார், அதனால். இவள் ஒவ்வொரு வீட்டிலும் பொறுமையாக, "இல்லை, பஸ். இந்தியாவில், என் தாத்தா" என்று விளக்கினாள். மிட்டாய் போட்டவர்களுக்கு ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். அவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்து வாங்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது தெருவுக்குள் திரும்பும்போது, பின்னால் நடந்து வந்த மகள் திடீரென்று குரல் கொடுத்தாள். "செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி! ஏறு ஏறு, உள்ள போ, உள்ள இடம் இருக்கு!" அவர் குரலின் இழுப்பு அப்படியே. மாப்பிள்ளை திகைத்துப் போய்ப் பார்த்தார். பேத்தி உடனே பிடித்துக்கொண்டாள். அன்று அந்த அமெரிக்கத் தெருவில் உசிலம்பட்டியும் ஆண்டிப்பட்டியும் எத்தனை தடவை ஒலித்தன என்று கணக்கில்லை.

ராத்திரி மகள் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் பேத்தியின் படத்தைப் போட்டு, கீழே 'எங்க அப்பா' என்று மட்டும் எழுதினாள். இவரோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர், இப்போது எண்பதை நெருங்குகிறவர், பேரன் மூலம் குரல் பதிவு அனுப்பினார். "பை சரியா மாட்டியிருக்கு. ஆனா முதலாளி, சில்லறை கரெக்டா குடுக்கணும்" என்று. அதை நாலைந்து தடவை போட்டுக் கேட்டோம்.

இந்த வருஷம் போகிறவர்கள் பெட்டியில் ஊசி, நல்ல நூல், ஊக்கு, அளவு டேப், இரண்டு மூன்று பழைய சேலைத் துண்டுகள் எடுத்துப் போங்கள். கத்தரிக்கோலைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள். பிள்ளைகள் என்ன வேஷம் கேட்டாலும் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நேற்று வீடியோ காலில் பேத்தி, அடுத்த ஹாலோவீனுக்கு அம்மாச்சி வேஷம் போடப் போகிறேன் என்றாள். கண்ணாடி, கழுத்தில் அளவு டேப், கையில் கத்தரிக்கோல். அட, நான் இன்னும் உயிரோடுதானே இருக்கிறேன் என்றேன். "அப்ப நீங்களே வந்து அளவு குடுங்க" என்கிறாள். டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன்.