ட்ரையல் பேலன்ஸும் ட்ரான்ஸ்ஃபார்மரும்

ஷில்லாங்கில் தெருவுக்கு நாலு கிட்டார் சத்தம் கேட்கும். எங்க வீட்டு ஓனர் அம்மாவிடமும் (இங்கே பெரிய பெண்களை 'காங்' என்றுதான் கூப்பிடணும்) ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் இருக்கு. மறைந்த தம்பியோடது. போன மாசம் அவங்க பையன் சுவிட்சைப் போட்டதும் ஃப்யூஸ் போச்சு. புதுசு போட்டான், அதுவும் போச்சு. கடைக்காரர், "ட்ரான்ஸ்ஃபார்மர் அவுட், தூக்கிப் போடுங்க" என்று சொல்லிட்டார். காங் ஒண்ணும் பேசாம துணி போட்டு மூடி வச்சுட்டாங்க.

எனக்கு மனசு கேக்கலை. பி.காம். காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. மாமா மைக் செட் கடை வச்சிருந்தார், லீவெல்லாம் அங்கேதான் போகும்.

முதல் பாடம்: ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டரில் 300, 400 வோல்ட் நிற்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியா வடிச்சு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை. பழக்கமில்லாதவங்க வேடிக்கை மட்டும் பாருங்க.

மல்டிமீட்டரில் எல்லா வைண்டிங்கும் ஒழுங்கா ஓம்ஸ் காட்டிச்சு. ஆனா அது நம்ம ட்ரையல் பேலன்ஸ் மாதிரி! டாலி ஆயிடும், தப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். கம்பி அறுந்திருந்தா மீட்டர் சொல்லும். ஆயிரக்கணக்கான சுற்றில் ரெண்டு சுற்று தங்களுக்குள் ஒட்டிக்கிட்டா அந்த வித்தியாசம் மீட்டருக்குத் தெரியவே தெரியாது.

அதுக்குத்தான் சீரிஸ் லாம்ப். வால்வுகளைக் கழட்டி, ட்ரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி ஒயர்கள் எல்லாத்தையும் பிரிச்சு தனித்தனியா இன்சுலேஷன் டேப் சுத்திட்டு, 230 வோல்ட் லைனில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் வச்சு கரண்ட் கொடுக்கணும். பல்பு பளிச்னு எரிஞ்சுக்கிட்டே இருந்தா ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சு. மினுக்னு ஒரு தடவை காட்டிட்டு அடங்கினா பிழைச்சுது.

அடங்கிடுச்சு!

அப்புறம் ஒவ்வொரு ஒயரா திரும்பச் சேர்த்தேன். வால்வை சூடாக்குற 6.3 வோல்ட் லைன், பல்பு சும்மா இருந்தது. ஹைவோல்ட்டேஜ் லைனைச் சேர்த்ததும் முழு வெளிச்சம். ரெக்டிஃபையரில் ஒரு டயோடு ஷார்ட். ஃப்யூஸைத் தின்னது அதுதான். ரெண்டு டயோடையும் மாத்தினேன், சில்லறைக் காசு. மூணாவது ஃப்யூஸ் நின்னுது.

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையும் விடலை. தனியா பிரிச்சு ஸ்பீக்கர் பக்கம் 1 வோல்ட் ஏசி கொடுத்தா, வால்வு பக்கம் 28 வோல்ட். 28-இன் வர்க்கம் 784, அதை 8 ஓம் ஸ்பீக்கரோடு பெருக்கினா 6,272 ஓம். ரெண்டு 6வி6 வால்வுக்கு ஏத்த கணக்கு. இங்கேயும் சுற்று ஷார்ட் ஆகியிருந்தா இந்த விகிதம் எங்கேயோ போயிருக்கும்.

பையன் இப்ப அதைத்தான் சர்ச்சுக்குத் தூக்கிட்டுப் போறான். காங் தினமும் எனக்கு டீ அனுப்புறாங்க, வேணாம்னா கேக்கறதில்லை.

ஒரு விஷயம், இந்த வேலைக்கு எல்இடி பல்பு ஆகாது. குண்டு பல்புக்கு நான் நாலு கடை ஏறினேன். உங்க ஊர் வீட்டுப் பரணில் பழசு ஏதாவது கிடந்தா, அப்பாகிட்ட சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்க.